நெஞ்சுக்குள் ஒரு ஷட்டர்

ஐப்பசி முதல் வாரம். கொள்முதல் நிலையத்து வாசலில் சித்தப்பாவின் குறுவை நெல் மூன்று நாளாகக் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் 19 காட்டுகிறது. கிழக்கே மூட்டம் கட்டுகிறது. தார்ப்பாயை இழுத்து மூடுகிறார், வெயில் எட்டிப் பார்த்ததும் எடுக்கிறார், மறுபடி மூடுகிறார்.

"நெஞ்சு படபடங்குது தம்பி. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல" என்றார்.

நெல் காய்கிறபோது காயட்டும், நெஞ்சாவது கொஞ்சம் அடங்கட்டுமே என்று அவரைச் சாக்கு மேல் உட்கார வைத்தேன். தியானம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். நாடியைப் பிடிக்கச் சொன்னேன்.

நீங்களும் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக மூன்று விரலை வைத்து, துடிப்பு தட்டுப்பட்டதும் மூச்சை மெதுவாக இழுங்கள். அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு நெருக்கி வரும். விடும்போது விலகி விலகி விழும். இளவட்டங்களின் நாடியில் இது நன்றாகத் தட்டுப்படும், வயது ஏற ஏற வித்தியாசம் குறையும். ஜெர்மனியின் உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847இலேயே இதைப் பதிவு செய்துவிட்டார். சித்தப்பாவுக்கு நாலைந்து மூச்சுக்குப் பிறகுதான் பிடிபட்டது.

இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். நரம்பு துண்டிக்கப்பட்ட மாற்று இதயங்கள் ஓய்வில்கூட வேகமாக ஓடுவது அதனால்தான். நமக்கு 70, 75 என்று இருக்கிறதென்றால் யாரோ தடுத்துப் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த யாரோ, வேகஸ் நரம்பு. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, கல்லணை தாண்டிய காவிரி போல இதயம், நுரையீரல், குடல் என்று கிளை பிரிகிறது. 1921இல் ஓட்டோ லோவி என்ற மருந்தியல் அறிஞர் ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அந்த இதயத்தில் இருந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். யாரும் தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. பிடித்து நிறுத்துவது ஒரு வேதிப்பொருள் என்று அப்போது தெரிந்தது. பின்னால் அசிட்டைல்கோலின் என்று அடையாளம் கண்டார்கள்.

வாய்க்கால் தலைப்பு ஷட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்றினால் தண்ணீர் வேகமாகப் பாயும், இறக்கினால் அடங்கும். இதயத் துடிப்பும் அப்படித்தான். மூச்சை இழுக்கும்போது வேகஸ் ஷட்டரைக் கொஞ்சம் ஏற்றுகிறது, விடும்போது இறக்குகிறது. வரப்பில் பாம்பைக் கண்டால் முதலில் நடப்பதும் ஷட்டர் சட்டென்று ஏறுவதுதான். அட்ரினலின் அதன் பின்னால் வருகிறது, கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் இன்னும் பல நிமிடம் கழித்து. பாம்பு போய்விட்டால் எல்லாம் வடிந்துவிடும். நெல் ஈரம் அப்படிப் போவதில்லையே, ஷட்டர் ஏறியபடியே கிடக்கிறது.

"மெதுவா அடி" என்று இதயத்துக்கு உத்தரவு போட முடியாது. ஆனால் மூச்சு தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். ஷட்டரைச் சுற்றும் கைப்பிடி அது ஒன்றுதான் நம் கைக்கு எட்டுகிறது.

நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். பத்து விநாடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு ஆறு. கழுத்துத் தமனியின் அழுத்த உணரிகள் ரத்த அழுத்தத்தைத் திருத்தும் தாளமும் ஏறத்தாழ பத்து விநாடிதான். இரண்டும் சேரும்போது நாடியின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகிறது. ஜெபமாலை உருட்டுவதும் மந்திரம் ஜெபிப்பதும் மூச்சை இதே ஆறுக்குக் கொண்டுவருவதாக 2001இல் ஓர் இத்தாலியக் குழு அளந்து காட்டியது. நம் திருவாவடுதுறையோடு சேர்த்துச் சொல்லப்படும் திருமூலரும் இழுக்க 16, விட 32 என்றே கணக்கு வைத்தார். நடுவில் அடக்குவதற்கு 64 சொல்கிறார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

'மனசை வெறுமையாக்கு' என்பது எனக்குத் தெரிந்து மோசமான யோசனை. மூணாவது மூச்சிலேயே உரக்கடை பாக்கி ஞாபகத்துக்கு வரும், வரட்டும். மாடு வரப்பு தாண்டினால் அடிக்காமல் கயிற்றைப் பிடித்துத் திருப்புவோமே, அப்படி மூக்குநுனிக் காற்றுக்குத் திரும்பினால் போதும். இருபது முறை ஓடினால் இருபது முறை திருப்புங்கள். அந்தத் திருப்பல்தான் பயிற்சியே. தலை சுற்றினால் மூச்சை அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள். கரியமிலவாயு குறைந்து மூளையின் ரத்தக்குழாய் சுருங்குகிறது. சாதாரணமாக விடுங்கள், சரியாகிவிடும்.

இதை மாயமருந்தாகவும் நினைக்க வேண்டாம். 2014இல் தியானம் பற்றிய 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பதற்றமும் மனச்சோர்வும் மிதமாகக் குறைவது தெரிந்தது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விட மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கண்ணை மூடினால் பயம் கூடுகிறவர்களும் உண்டு. அவர்கள் மருத்துவரிடம் போவதே நல்லது.

சித்தப்பா ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். எழுந்ததும் கண் வானத்துக்குத்தான் போனது. தார்ப்பாய்க் கயிற்றை முடிந்துகொண்டே, "இத ராத்திரி படுத்துக்கிட்டு செய்யலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா செய்யலாம் சித்தப்பா."

"பாதியில தூங்கிட்டேன்னா?"