வாசனை போனது, நிதானமும் போனது

பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பும் என்று 1878-இல் படம்பிடித்துக் காட்டிய எட்வர்ட் மைபிரிட்ஜ், அதற்கு மூன்று வருடம் முன்பு கொலைக் குற்றவாளிக் கூண்டில் நின்றவர். 1860-இல் டெக்சாஸ் பக்கம் அவர் போன குதிரைவண்டி தறிகெட்டு ஓடியதில் தூக்கி எறியப்பட்டு, தலையில் பலமாக அடிபட்டிருந்தது. நினைவு திரும்பியபோது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன, வாசனையும் ருசியும் போயிருந்தன.

தலையில் அடிபட்ட சிலர் பிறகு ஏன் சட்டென்று கோபப்படுகிறவர்களாக மாறுகிறார்கள் என்பதற்கு, வாசனை போனதுதான் எனக்கு இதில் பெரிய தடயம். மூக்கிலிருந்து வரும் மெல்லிய நரம்பிழைகள் சல்லடை போன்ற ஓர் எலும்பு வழியாக மண்டைக்குள் ஏறி, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்மடலுக்கு நேர் அடியில் சேர்கின்றன. மூளை கெட்டித் தயிர் மாதிரி மெத்தென்றது, ஆனால் கண்குழிகளுக்கு மேலே அது உட்கார்ந்திருக்கும் எலும்புத்தரை கரடுமுரடு. வேகமாகப் போன தலை சட்டென நின்றால் மூளை மட்டும் இன்னும் கொஞ்சம் நகர்ந்து அந்தக் கரட்டில் உரசும். பின்மண்டையில் அடிபட்டவருக்கும் முன்மடலின் அடிப்பக்கம் கன்றிப்போவது இதனால்தான், கூடவே அந்த இழைகளும் அறுந்துவிடலாம்.

அந்த அடிப்பக்கத்துக்கு என்ன வேலை? கோபமே வராமல் தடுப்பது இல்லை. யாராவது இடித்துவிட்டால் மூளைக்குள் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி அலாரம் அடிக்கும், 'சரி விடு, தெரியாமல் பட்டிருக்கும்' என்று எடைபோட்டு அதை அமர்த்துவதில் இந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு. இரண்டுக்கும் நடுவே ஓடும் நரம்பிழைகள் தலை சுழன்ற வேகத்தில் இழுபட்டுச் சிதைந்தாலும் அதே கதிதான், சாதாரண சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலேகூடப் போகலாம். அப்புறம் டம்ளர் விழுந்த சத்தத்துக்கு ஒரு கத்தல், ஐந்து நிமிடம் கழித்து வருத்தம். வீட்டில் 'வேண்டுமென்றே செய்கிறார்' என்பார்கள், பாவம்.

1874-இல் மனைவியின் காதலன் ஹாரி லார்கின்ஸை மைபிரிட்ஜ் சுட்டுக் கொன்றார். விபத்துக்கு முன் இனிமையாகப் பழகியவர், பிறகு சிடுசிடுப்பாக மாறிவிட்டார் என்று நண்பர்கள் சாட்சி சொன்னார்கள். இருந்தாலும் கொலையை முழுக்கக் காயத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மூளைக்காயத்தின் கோபம் பெரும்பாலும் குப்பென்று எரிந்து அணைவது, இவரோ சான்பிரான்சிஸ்கோவில் படகேறி, ரயில் பிடித்து, கலிஸ்டோகா வரை தேடிப்போய்ச் சுட்டார். ஜூரிகளும் பித்து என்ற வாதத்தை ஏற்கவில்லை, மனைவிக்காகச் செய்தது நியாயம்தான் என்று விடுதலை செய்துவிட்டார்கள். அந்தக் காலத்து நியாயம்!

மூளைக்காயத்தால் வரும் இந்தக் கோபத்துக்கு இப்போது மருந்துகள் உண்டு, புரோப்ரனலால் போன்றவற்றைச் சிலருக்கு டாக்டர்கள் கொடுக்கிறார்கள். வீட்டிலும் செய்ய நிறைய இருக்கிறது: களைப்பும் கூச்சலும்தான் பெரும்பாலும் தூண்டிவிடும் என்பதால் டிவியை அணைப்பது, தூங்க விடுவது, கோபம் எரியும்போது வாதம் செய்யாமல் அந்த அறையை விட்டு நகர்வது. அடிபட்டவர் 'குழம்பில் வாசனையே இல்லை' என்று சொல்லியிருந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.