நேப் என்றால் துய்: பியானோத் தோலின் பக்கமும் திசையும்

பியானோ ஆக்‌ஷனில் (கட்டையை அழுத்தினால் சுத்தியைத் தந்தியில் அடிக்கவைக்கும் பொறியமைப்பில்) தோல் மாற்றுபவர் முதலில் பார்க்க வேண்டியது 'நேப்'. தோலின் பரப்பில் எழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் மெல்லிய இழைகளுக்கு அந்தப் பெயர். விரல் நுனியால் ஒரு திசையில் தடவினால் வழுவழுவென ஓடும். எதிர்த்திசையில் சொரசொரவென்று தடுக்கும்.

சொல் துணித்தொழிலிலிருந்து வந்தது. துணிமேல் எழும் இழையை இடைக்கால டச்சு மொழியில் 'நொப்பெ' என்றார்கள். குட்டித் தூக்கத்தைக் குறிக்கும் 'நேப்' வேறு வேர்.

இதைத் தமிழில் 'மயிர்' என்றால் வேலையே கெடும். மயிர் முளைத்த பக்கம் தோலின் வழவழப்பான மேல்பக்கம். நேப் இருப்பது உட்பக்கத்தில், அல்லது மேல்பக்கத்தைச் சீவி எடுத்த பரப்பில். சரியான சொல் 'துய்'. பஞ்சு, மென்மை என்ற பொருள்கள் அதற்கு உண்டு. சங்கப் பாடல்களின் 'துய்த்தலை மந்தி' பஞ்சுபோன்ற தலையுடைய குரங்கு. நுகர்தலைச் சொல்லும் 'துய்த்தல்' வேறு. இழை சாயும் திசையைத் 'துய்ப்போக்கு' எனலாம்.

கிராண்ட் பியானோவின் 88 கட்டைகள் ஒவ்வொன்றின் பின்பகுதியிலும் ஒரு பேக்செக், அதாவது தோல் போர்த்திய சிறு தடுப்பு, நிற்கும். தந்தியை அடித்துத் திரும்பும் சுத்தியின் வாலை, சுத்தி தந்திக்கு ஏறக்குறைய 16 மி.மீ. கீழே வரும்போது அது பிடிக்கும். அங்கே துய் மேல்நோக்கி இருக்க வேண்டும். இறங்கும் வால் இழைகளை எதிர்த்து உரசி நிற்கும். தலைகீழாக ஒட்டினால் வால் வழுக்கும், சுத்தி துள்ளி மறுபடி தந்தியைத் தொடும்.

பழைய தோலை உரிக்குமுன் தடவிப் பார்த்துத் திசையைக் குறியுங்கள். புதுத் தோலின் பின்புறத்திலும் வெட்டுமுன்பே அம்புக்குறி போடுங்கள். சிறு துண்டானபின் திசை தெரிவது கடினம். வச்சிரத்தை (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசையை) சூடாக, மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மட்டும் தடவுங்கள். நடுவில், தோலுக்கு அடியிலுள்ள கம்பளி மெத்தைக்கு மேலே, பசை ஊறினால் தோல் விறைத்து 'டக்' என்று ஒலிக்கும். வெள்ளைப் பசையைவிட வச்சிரம் நல்லது: சீக்கிரம் இறுகும், பின்னாளில் ஈரச்சூடு காட்டினால் பிரியும்.

துய் படிந்து பளபளத்த தோலை உடனே மாற்ற வேண்டியதில்லை. பித்தளைத் தூரிகையால் லேசாகத் தேய்த்தால் இழை எழும்பும். சுத்தித்தண்டின் உருளைத் தோலுக்கு, அதை மேலே தள்ளும் சிறு நெம்பான ஜாக் வழுக்கிப் போவதற்காக, டெஃப்லான் தூள் போடலாம். அந்தத் தூள் பேக்செக்கில் படக்கூடாது.