அவர் ஏன் திரும்பிப் பார்க்கிறார்?

கடல் ஓவியம் பார்க்கப் பழக்கும் வகுப்பில் நான் முதலில் காட்டுவது அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1885இல் வரைந்த ‘தி ஃபாக் வார்னிங்’ (மூடுபனி எச்சரிக்கை). அசல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதுச்சேரியில் என்னிடம் இருப்பது சுவரில் மாட்டிய அச்சுப்படம். சின்னப் படகில் தனியாக ஒருவர். அமரத்துப் பக்கம், அதாவது படகின் பின்பக்கம், பெரிய ஹாலிபட் மீன்கள். நம்மூர் நாக்கு மீனைப்போலத் தட்டைதான், ஆனால் ஆள் கனத்துக்கும் மேலே வளரும். தூரத்தில் அவர் போய்ச் சேர வேண்டிய தாய்க்கப்பல், அடிவானத்தில் கறுத்துத் திரளும் மூடுபனி.

“என்ன தெரியுது?” என்றால் பதில் தயாராக வரும். “பயந்துட்டாரு சார். இயற்கை முன்னாடி மனுஷன் ஒண்ணுமில்ல.” பரீட்சைக்கு எழுதிப் பழகிய வாக்கியம்.

பயம் எங்கே இருக்கிறது? முகம் தொப்பி நிழலில், பக்கவாட்டில்தான் தெரிகிறது. “திரும்பிப் பார்க்கிறாரே சார்.”

பக்கத்து மீனவ ஊரான வீராம்பட்டினத்துப் பையன் ஒருவன் வேறு மாதிரி சொன்னான்: “ஆளு தப்பா உக்காந்திருக்காரு.” கட்டுமரத்தில் முன்பக்கம் பார்த்துத் துடுப்புப் போடுவதைக் கண்டவன் அவன். நாற்காலியில் உட்காரவைத்து, இரு கையிலும் துடைப்பக்கட்டையைக் கொடுத்து, நெஞ்சுப் பக்கம் இழுக்கச் சொன்னேன். “படகு எந்தப் பக்கம் போகும்?” யோசித்தான். “முதுகுப் பக்கம்.” “கப்பல் எங்கே?” கழுத்தைத் திருப்பினான். வகுப்பே சிரித்தது.

அந்தத் திரும்பல் தொழில். பனி மூடுவதற்குள் கப்பலை எட்டிவிடலாமா என்று தூரம் அளக்கிறார். உள்ளே பயமும் இருக்கலாம். படம் காட்டுவது கணக்கை.

பெற்றோரும் ஆசிரியர்களும் ‘இதன் கருத்து என்ன’ என்று ஆரம்பிக்காதீர்கள். கை என்ன செய்கிறது, கனம் எங்கே இருக்கிறது, அணியம் (படகின் முன்பக்கம்) ஏன் தூக்கியிருக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்டதும் ஒரு பெண், “மீனைத் தூக்கிப் போட்டா வேகமாப் போலாமே?” என்றாள். வீராம்பட்டினத்தான் விடவில்லை: “டீசல் காசு நீ தருவியா?” துடுப்புப் படகுக்கு ஏது டீசல்! ஆனால் ஒரு நாள் மீன்பிடியின் மதிப்பு அவனுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்று, கைபேசி. அசல் படம் 123 சென்டிமீட்டர் அகலம். அதே பெண் அன்று மாலை அதை வட்டமாக வெட்டித் தன் முகப்புப் படமாக வைத்திருந்தாள். வலப்பக்கக் கப்பலைக் காணோம். “இப்ப எதைப் பார்க்கிறார்?” என்று அனுப்பினேன். நீல டிக் மட்டும் வந்தது.