இரண்டு பேர் வளைத்துக்கொண்டால் பந்து எந்த வழியாகத் தப்பிக்கும்?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள், இணைப்பாட நடவடிக்கை கூடைப்பந்து. போன வாரம் ஓர் ஆட்டத்தில், பந்து கோட்டுக்குள் வந்த நொடியிலிருந்தே எதிரணிப் பிள்ளைகள் ஆடுகளம் முழுக்கத் துரத்தியிருக்கிறார்கள். மகளின் அணி பாதிக்கோட்டைத் தாண்டுவதற்குள் பந்து பறிபோய்க்கொண்டே இருந்ததாம். "பயிற்றுவிப்பாளர் 'பதறாதே, பதறாதே' என்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த இன்னோர் அம்மா, பிள்ளைகள் மேல் கண்ணு பட்டிருக்கு என்றார். அறிவியல் என்ன சொல்கிறது?"

கண்ணேறுக்கு என்னிடம் மருந்து இல்லை. எலுமிச்சம்பழம் எதிரணியின் கால் வேகத்தைக் குறைத்ததாக எனக்குத் தெரிந்து பதிவு எதுவும் இல்லை. பதற்றத்துக்கு மட்டும் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு உண்டு.

அனைத்துலக விதிப்படி ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். பந்தை வாங்கிய அணி 8 விநாடிக்குள் அதைப் பாதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். கூடைக்குக் கீழிருந்தே தொடங்கினாலும் 14 மீட்டருக்கு மேல் போவதில்லை. 14-ஐ 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு 1.75 மீட்டர். ஓட்டமே இல்லை இது. காலையில் டோபி காட் நிலையத்தில் ரயில் மாற விறுவிறுவென்று நடப்போமே, கிட்டத்தட்ட அந்த வேகம். நேரம் தாராளமாக இருக்கிறது. இல்லை என்று நம்பவைப்பதுதான் எதிரணியின் தந்திரம். ஆடுகளம் முழுக்கத் துரத்தும் அந்தத் தந்திரத்துக்குத்தான் விளையாடுபவர்கள் பிரஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1963-64 பருவத்தில் அமெரிக்காவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணி, ஜான் வூடன் பயிற்சியில், இதே ஆயுதத்தோடு ஆடி 30 ஆட்டங்களில் முப்பதையும் வென்றது. அந்த அணியின் முதல் ஐவரில் 196 சென்டிமீட்டருக்கு மேல் உயரமானவர் யாரும் இல்லை. "எங்கள் அணியில் உயரமான பிள்ளைகள் இல்லை" என்று புலம்பும் பெற்றோர் கவனிக்க.

பிரஸ்ஸின் பல் இருப்பது டிராப்பில். பந்து வைத்திருப்பவரை இரண்டு பேர் சேர்ந்து கோட்டோரம் ஒதுக்கி வளைப்பதுதான் டிராப். ஏன் கோட்டோரம்? நடு ஆடுகளத்தில் நிற்பவருக்கு 360 பாகையும் திறந்திருக்கும். பக்கக்கோட்டில் நின்றால் பாதி போய்விடும், மூலையில் 90தான் மிச்சம். கோடு சம்பளம் வாங்காத மூன்றாவது தடுப்பாளர். பாதிக்கோட்டைத் தாண்டியவுடனே உள்ள மூலை இன்னும் மோசம்: பந்தோடு பின்னால் திரும்பக் கூடாது என்பதால் பாதிக்கோடும் சுவராகிவிடும்.

வளைக்கும் ஒருத்தி இரு கையையும் விரித்தால் 160 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவள் ஒரு மீட்டர் தொலைவில் நின்றால் ஏறக்குறைய 77 பாகையை அடைத்துக்கொள்வாள். இரண்டு பேர் என்றால் 155. பக்கக்கோட்டில் நிற்பவளுக்கு மிஞ்சுவது 25 பாகை, ஒரு கீற்று. அதே இருவரும் இரண்டு மீட்டர் தொலைவில் இருந்தால் ஆளுக்கு 44 பாகைதான் அடைபடும். வழி 90 பாகைக்கு மேல் திறந்துவிடும். டிராப் வருவது தெரிந்ததும் பந்தைத் தட்டிக்கொண்டே இரண்டு எட்டு பின்வாங்கச் சொல்வது இதற்காகத்தான். துரத்தி வருவார்கள், வரட்டும். இருவரும் ஒரே சீராக வரமாட்டார்கள், நடுவில் விரிசல் விழும். பாவம், நம் பிள்ளைகளுக்குப் பின்வாங்குவது தோல்வி மாதிரித் தெரிகிறது. அந்த இரண்டு எட்டுக்கு மட்டும் மனசு வராது.

இனிதான் எனக்குப் பிடித்த இடம்.

டிராப் போடுபவர்கள் பந்தைப் பறிப்பதில்லை, பெரும்பாலும் பறிக்கவும் முயல்வதில்லை. கைகளை உயர்த்தி நேர்வழியை மறைக்கிறார்கள். மறைத்தால் உள்ளே இருப்பவள் என்ன செய்வாள்? தலைக்கு மேலே தூக்கிப் போடுவாள். அதற்காகவே தொலைவில் மூன்றாவது ஆள் ஒருத்தி காத்திருக்கிறாள். பந்து பறிபோவது அவளிடம்தான்.

சென்ற சனிக்கிழமை மாலை எங்கள் அங் மோ கியோ புளோக்குக்குக் கீழே உள்ள ஆடுகளத்தில் பக்கத்து வீட்டுப் பையன்களை வைத்து இதைப் படம் பிடித்தேன். கைப்பேசியில் விநாடிக்கு 240 படம். ஆறு மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு நெஞ்சுயரத்தில் நேராக வீசிய பந்து போய்ச்சேர ஏறக்குறைய 145 படங்கள், அதாவது 0.6 விநாடி. அதே தூரத்துக்கு, தடுப்பவன் தலைக்கு மேலே ஓர் ஆள் உயரம் எழும்படி தூக்கிப் போட்டால் 1.2 விநாடி. நேரம் இரண்டு மடங்கு. அப்படியானால் ஆபத்தும் இரண்டு மடங்குதானே? அங்கேதான் ஏமாறுகிறோம்.

காத்திருக்கும் மூன்றாவது ஆளின் பக்கம் போய்ப் பாருங்கள். பந்து கையைவிட்டதைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் அசைய ஏறக்குறைய கால் விநாடி பிடிக்கும். அதை யாரும் தப்ப முடியாது. நின்ற நிலையிலிருந்து பாய்பவரின் முடுக்கம் (வேகம் கூடும் வீதம்) விநாடிக்கு விநாடி 4 மீட்டர் என்று கொண்டால், உயர்நிலைப் பள்ளிச் சூத்திரமே போதும்: தூரம் என்பது முடுக்கத்தில் பாதி, பெருக்கல் நேரத்தின் வர்க்கம். நேர்ப் பந்துக்கு அவளுக்கு மிஞ்சுவது 0.35 விநாடி, அதற்குள் 25 சென்டிமீட்டர்கூட நகர முடியாது. ஒரு சாண்! தூக்கிப் போட்ட பந்துக்கு மிஞ்சுவது 0.95 விநாடி, நகரும் தூரம் 1.8 மீட்டர். பந்தின் நேரம் இரண்டு மடங்கானால், காத்திருக்கும் அந்தத் திருடி எட்டும் தூரம் ஏழு மடங்காகிறது. வர்க்கம் செய்யும் வேலை அது. கால் விநாடிக் கழிவு இரண்டு கணக்கிலும் ஒன்றாகவே இருப்பது இன்னொரு காரணம்.

இதே கணக்கைத் தலைகீழாகவும் ஆடலாம். பந்து வாங்குபவள் நின்ற இடத்தில் காத்திராமல் பந்தை நோக்கி இரண்டு மீட்டர் முன்னே வந்தால் பயணம் 0.4 விநாடிதான். திருடிக்கு மிஞ்சுவது 0.15; அவள் நகர்வது நாலரை சென்டிமீட்டர், இரண்டு விரற்கடை. "பந்தைத் தேடிப் போ, நிற்காதே" என்று பயிற்றுவிப்பாளர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்களே, அதன் பொருள் இதுதான். காரணத்தையும் சொல்லியிருந்தால் பிள்ளைகள் அடுத்த நாளே செய்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் கைதேர்ந்த திருடி பந்து கிளம்பும்வரை காத்திருக்க மாட்டாள். வீசுபவளின் கண்ணையும் தோளையும் படித்து முன்னாலேயே புறப்பட்டுவிடுவாள்; கால் விநாடிக் கழிவு அவளுக்கு இல்லை. இதற்கும் மருந்து உண்டு. டிராப்பில் இரண்டு பேர் ஒருத்தியை வளைத்தால் மீதி மூன்று பேர் நான்கு பேரைக் காக்க வேண்டும். யாரோ ஒருத்தி தலையில் இரண்டு பொறுப்பு விழும். ஒருத்தி நடுவில் வெட்டி வந்தும், இன்னொருத்தி பக்கக்கோட்டோரம் முன்னேறியும் நின்றால் திருடி தேர்ந்தெடுத்தாக வேண்டும். வாய்ப்புகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று 1952-இல் உளவியலாளர் வில்லியம் ஹிக் காட்டினார். அதோடு ஒரு பக்கம் வீசுவதுபோல் பாவனை செய்துவிட்டு மறுபக்கம் வீசினால், தவறான திசையில் எடுத்த எட்டைத் திருப்பிவைக்கவே அவளுக்கு நேரம் போய்விடும்.

ஓர் ஆதங்கம். விளையாட்டு ஆய்வு என்றாலே பதக்கம், பெரிய கருவி, பெரிய மானியம் என்று பேச்சு போகிறது. நான் செய்தது ஒரு கைப்பேசி, அளவுநாடா, ஆளுக்கொரு மைலோ பெங் (ஐஸ் போட்ட மைலோ) செலவில் முடிந்த சோதனை. பள்ளி அறிவியல் திட்டப்பணிக்கு இதைக் கொடுத்தால் இயற்பியல் ஆசிரியருக்கும் பயிற்றுவிப்பாளருக்கும் பேச ஒரு பொருள் கிடைக்கும்.

ஈசூன் அம்மாவுக்கு: மகளின் அணி அடுத்த பயிற்சியில் ஐந்து பேராக நின்று ஏழு பேருக்கு எதிராக ஆடட்டும், பந்தைத் தரையில் தட்டவே கூடாது என்ற விதியோடு. எங்கள் பையன்கள் ஆளில்லாமல் மூன்றுக்கு ஐந்தாக ஆடிப் பார்த்தார்கள். முதல் பத்து முறையில் ஒரே ஒரு முறைதான் பாதிக்கோட்டைத் தாண்டினார்கள். பதினொன்றாவது முறை சின்னவன் பந்தை நோக்கி ஓடிவந்து வாங்கினான், தாண்டிவிட்டார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது.