சேற்றுக் கிருமியும் நுரையீரலின் காவல் கலங்களும்

காலபோக மழை இறங்கியதும் வன்னியில் வயல் செய்கிறவர்களுக்குக் காலும் கையும் சேற்றோடுதான். ஈரமண்ணில் வாழும் பற்றீரியாக்களில் ஒன்று பேர்க்கோல்டேரியா சூடோமலேய். அது உண்டாக்கும் நோய் மெலியோய்டோசிஸ். இலங்கையில் 1927இலேயே பதிவானது. காலில் இருக்கும் வெட்டுக்காயம் வழியாக நுழையும், அசுத்தமான நீரோடு போகும், மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது மூச்சோடும் உள்ளே போகும். எந்த வழியால் போனாலும் பெரும்பாலும் அடிபடுவது நுரையீரல்தான்.

நுரையீரலின் சிற்றறைகளில் பெருவிழுங்கிக் கலங்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. சூடடிக்கும்போது கிளம்பும் தூசியை அவை சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஒவ்வொரு தூசிக்கும் அழற்சியைக் கிளப்பினால் மெல்லிய சிற்றறைச் சுவர் வீங்கி, நீர் கோத்து, மூச்சே நின்றுவிடும். அதனால் ஆபத்தானது எது என்று காட்டும் அடையாளம் அவற்றுக்கு வேண்டும்.

அப்படியான அடையாளங்களில் ஒன்று பிளஜெலின் என்ற புரதம். பற்றீரியா நீந்தப் பயன்படுத்தும் சவுக்குமுளை இந்தப் புரதத்தால் ஆனது. நம் கலங்களின் மேற்பரப்பிலுள்ள டி.எல்.ஆர்.5 என்ற ஏற்பி இதைப் பிடித்துக்கொள்கிறது என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். சவுக்குமுளை உருவாக எந்தப் பகுதி அவசியமோ, அந்தப் பகுதியையே ஏற்பி பார்க்கிறது. அதை மாற்றி ஒளியப்போனால் பெரும்பாலான பற்றீரியாக்களால் நீந்த முடியாது. பிடித்ததும் செய்தி கலத்தின் கருவுக்குப் போகிறது, அழைப்புப் புரதங்கள் வெளியேறுகின்றன, சில மணிநேரத்தில் இரத்தத்திலிருந்து நியூத்ரோபில்கள் என்ற வெண்குருதிக் கலங்கள் வந்து குவிகின்றன.

ஆனால் மெலியோய்டோசிஸ் கிருமி விழுங்கப்பட்ட பிறகும் சாவதில்லை. ஊசிபோன்ற ஓர் அமைப்பின் உதவியோடு விழுங்கிய பையைக் கிழித்துக்கொண்டு கலத்தின் உட்பாயத்துக்குள், அதாவது கலத்தை நிரப்பியிருக்கும் திரவத்துக்குள், வந்து பெருகும். அங்கேயும் காவல் இருக்கிறது. அந்த ஊசியின் புரதமோ பிளஜெலினோ உட்பாயத்தில் தென்பட்டால் என்.எல்.ஆர்.சி.4 என்ற தொகுதி விழித்து, காஸ்பேஸ்-1 என்ற நொதியை முடுக்கும். கலம் தன் மென்சவ்வில் துளையிட்டு வெடித்துச் சாகும். கிருமிக்கு ஒளிய இடம் இல்லாமல் போகிறது. உடலைக் காக்க ஒரு கலம் தன்னையே அழித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

இந்த எதிர்ப்பு பலமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். சிலருக்குப் பிறப்பிலேயே டி.எல்.ஆர்.5 குறைபாடாக இருக்கும். லெஜியோனெல்லா என்ற பற்றீரியா உண்டாக்கும் நுரையீரல் தொற்று அவர்களை எளிதில் பிடிக்கிறது. தாய்லாந்தில் மெலியோய்டோசிஸ் நோயாளிகளை ஆராய்ந்தபோதோ, அதே குறைபாடு உள்ளவர்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். கிருமி இரத்தத்தில் பரவிய நிலையில், மிதமிஞ்சிய அழற்சியே உறுப்புகளைக் கெடுத்துவிடுகிறது.

நீரிழிவு இருந்தால் நியூத்ரோபில்கள் விழுங்கிக் கொல்லும் திறன் குறைகிறது. மெலியோய்டோசிஸ் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் நீரிழிவுக்காரர்கள். வயலில் இறங்கும் நீரிழிவுக்காரருக்கு விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால், தான் சேற்றில் வேலை செய்கிறவர் என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். எக்ஸ்ரேயில் இது காசநோய்போலவே தெரியலாம். இரத்தத்திலும் சளியிலும் உள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதியாகும். கிருமி கலங்களுக்குள் ஒளிந்திருப்பதால் குறைந்தது 2 கிழமை செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசியும், அப்புறம் 3 மாதமளவில் கோட்ரைமொக்சசோல் குளிசையும் கொடுப்பார்கள். காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.