கோடிட்ட இடத்தை முதலில் தமிழில் நிரப்புங்கள்

வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போக எழுதும் ஜிஆர்இ தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலர் கையில் பெரிய வார்த்தைப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிரே ஒரே ஒரு அர்த்தம். அதை ராப்பகலாக உருப்போடுகிறார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை 2011 ஆகஸ்டிலேயே இந்தத் தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது வார்த்தைகள் வாக்கியத்துக்குள்தான் வருகின்றன. படிக்கும் முறை மட்டும் இன்னும் மாறவில்லை.

சமீபத்தில் ஒரு மாணவி இப்படி ஒரு கேள்வியில் தடுமாறினார். தமிழில் சொன்னால்: 'நாடகத்துக்கு விமர்சகர் தந்த பாராட்டு ______: கதையை ரசித்தவர், வசனத்தில் உயிரே இல்லை என்றார்.' விடைகளில் 'குவாலிஃபைடு' இருந்தது. அதைத்தான் முதலில் தள்ளினார்.

"குவாலிஃபைடுன்னா தகுதியானதுதானே சார், இங்க எப்படி வரும்?"

நம் ஊரில் தேர்வில் தேறினால் குவாலிஃபைடு. அவரைக் குறை சொல்ல முடியாது. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, "அந்த இடத்துல நீ தமிழ்ல என்ன போடுவே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "முழுசாப் பாராட்டல சார், ஒரு 'ஆனா' போட்டுப் பாராட்டியிருக்காரு" என்றார். அதுதான் விடை! நிபந்தனையோடு, அளந்து சொல்லும் பாராட்டுக்கும் ஆங்கிலத்தில் குவாலிஃபைடு என்றுதான் பெயர். முக்காற்புள்ளிக்குப் பின்னால் வருவது முன்னால் இருப்பதன் விளக்கம். குறிப்பு அங்கேயே இருந்தது. விடைகளை முதலில் பார்த்ததால் அது அவர் கண்ணில் படவில்லை.

தெரிந்த வார்த்தைகளிடம்தான் அதிகம் எச்சரிக்கை வேண்டும். டேக்ஸ் என்றால் வரி மட்டுமா? ஒருவர் பொறுமையைச் சோதிப்பதும் டேக்ஸ்தான். நோய் பரவாமல் நிறுத்துவது அரெஸ்ட். உற்சாகம் குறைந்துபோவது ஃப்ளாக்.

'ஆல்தோ', 'டிஸ்பைட்' வந்தால் வாக்கியம் எதிர்த்திசையில் திரும்பும். இதை எல்லோரும் கவனிக்கிறார்கள். 'ஹார்ட்லி', 'ஃபார் ஃப்ரம்' போல ஓசையில்லாமல் எதிர்மறை ஆக்கும் சொற்களைத்தான் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். அப்புறம், ஆறு விடைகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. ஒரே அர்த்தமுள்ள ஜோடி கண்ணில் பட்டதும் குறித்துவிடாதீர்கள். வாக்கியத்துக்குப் பொருந்தாத ஜோடியையும் உள்ளே வைத்திருப்பார்கள். இரண்டில் ஒன்று மட்டும் சரி என்றால் மதிப்பெண் கிடையாது.

"இதுக்கெல்லாம் நேரம் ஏது சார்?" என்பார்கள். மொழிப் பகுதியில் 27 கேள்விகளுக்கு 41 நிமிடம். கேள்விக்கு ஒன்றரை நிமிடம். தமிழில் ஒரு சொல் யோசிக்கப் பத்து விநாடி போதும். ஐந்து விடைகளுக்கு நடுவே அலைவதில்தான் நேரம் கரைகிறது.

சரி, குறிப்பு புரிந்தும் விடைகளில் இருக்கும் வார்த்தை ஒன்றுமே தெரியவில்லை என்றால்? அதுவும் நடக்கும். சொல்வளம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த இடத்தில் பொருந்தாது என்று உறுதியாகத் தெரிவதை நீக்கிவிட்டு, மிச்சத்தில் ஒன்றைக் குறித்து நகருங்கள். ஜிஆர்இ-யில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.