உதவி எண்ணுக்கு வரும் அழைப்பில் ஆட்கடத்தலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆட்கடத்தலுக்கு ஆளானவர் உதவி எண்ணை அழைத்து, "என்னைக் கடத்திட்டாங்க, காப்பாத்துங்க" என்று சொல்வது அபூர்வம். செங்கல் சூளையில் இருப்பவர், "மேஸ்திரி கணக்கு முடிக்க மாட்டேங்கிறார்" என்பார். நூற்பாலை ஹாஸ்டலில் இருக்கும் பெண், "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, லீவு தர மாட்டேங்கிறாங்க" என்பாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வடமாநில முறுக்குக் கம்பெனிக்குப் போய் மாட்டிக்கொண்ட பையன், "ஊருக்கு எந்த ரயில் போகும்?" என்று மட்டும் கேட்பான்.

கைகாலைக் கட்டி வேனில் தூக்கிப் போட்டால்தான் கடத்தல் என்று நாம் நினைக்கிறோம். கடத்தப்பட்டவரும் அப்படித்தான் நினைக்கிறார். அவர் கணக்கில், வாங்கிய முன்பணத்துக்கு உழைத்துக் கழிக்கிறார். பாதியில் கிளம்பினால் ஏமாற்றியவர் அவர் என்றாகிவிடும். அதனால் எதிர்முனையில் இருக்கும் ஆற்றுப்படுத்துநர் முதலில் செய்யவேண்டியது, சம்பளப் புலம்பலாகவோ லீவு தகராறாகவோ வரும் பேச்சுக்குள் குற்றம் இருக்கிறதா என்று கண்டறிவது. இது பயிற்சியால் வரும் திறமை. அதற்கு ஒரு முறை இருக்கிறது.

2000ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறை ஆட்கடத்தலை மூன்று துண்டுகளாகப் பிரிக்கிறது: ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, அடைத்துவைப்பது போன்ற செயல்; மிரட்டல், ஏமாற்று, பலவீனத்தைப் பயன்படுத்துவது போன்ற வழிமுறை; சுரண்டல் என்ற நோக்கம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் இரண்டாவது துண்டை நிரூபிக்கவே வேண்டாம். நம் நாட்டில் இதற்கான குற்றப்பிரிவு இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பதே பேச்சில்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது. "நானா ஒத்துக்கிட்டுதான் வந்தேன்" என்பவரும் கடத்தப்பட்டவராக இருக்கலாம்.

ஆனால் தொலைபேசியில் சட்டப்பிரிவைப் பற்றிக் கேட்க முடியாது. கேள்விகள் வேறு மாதிரி வரும். வேலைக்கு யார் கூட்டிவந்தார்? கிளம்பும்போது என்ன சொன்னார், வந்தபின் என்ன நடக்கிறது? ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது? சந்தைக்குத் தனியாகப் போய்வர முடியுமா? வாங்கிய பணத்தில் இதுவரை எவ்வளவு கழிந்திருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கடன் எவ்வளவு மிச்சம் என்று தொழிலாளிக்கே தெரியாமல், நோட்டு முதலாளியிடம் மட்டும் இருந்தால், அது கொத்தடிமை முறையின் முக்கிய அடையாளம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் சொன்னது. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால், பின்னால் ஒரு முன்பணம் இருக்கிறது என்றே ஊகிக்கலாம், இல்லையென்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு என்று 1983 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு சொன்னது. தொலைபேசியில் வந்து விழும் ஒரு வரிப் பதிலுக்கு இத்தனை கனம் வருவது இந்தத் தீர்ப்புகளால்தான்.

தகவல் பல நேரங்களில் பாதிக்கப்பட்டவரிடமிருந்தே வருவதில்லை. பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவார். அப்படி ஓர் அழைப்பு எப்படிப் போகும் என்பதற்குக் கற்பனையாக ஒன்று:

"மேடம், எங்க ஊர்ப் பக்கம் ஒரு சூளை. சின்னப் புள்ளைங்க சுடாத பச்சைக் கல்லு திருப்புதுங்க."

"நீங்களே பார்த்தீங்களா சார், இல்ல யாராச்சும் சொன்னாங்களா?"

"நேத்து சாயங்காலம் பார்த்தேன். நம்ம கடைக்குச் சாமான் வாங்க வரும்போதும் கூடவே ஒரு ஆள் வருவான். காசை அவன்தான் குடுப்பான்."

"சூளைக்கு எப்படி வரணும் சார்?"

"ஏரிக்கரை தாண்டி இடது பக்கம். எம் பேரு வெளிய வராதுல்ல?"

"வராது சார். நீங்க உள்ள போய் விசாரிக்க மட்டும் வேணாம்."

முதல் கேள்வி கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் பிரிக்கிறது. கடைக்காரர் பெரிதாக நினைக்காமல் சொன்ன விஷயம்தான் இதில் தங்கம்: மளிகை வாங்கக்கூடத் தனியாக வரமுடியாதவர்கள், காசு அவர்கள் கையில் இல்லை. கடைசி எச்சரிக்கைக்கும் காரணம் இருக்கிறது. சூளைக்காரருக்கு வாடை அடித்துவிட்டால், ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை லாரியில் ஏற்றி வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார். போகும் குழுவுக்குக் காலி சூளைதான் மிஞ்சும்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இப்படி ஒரு வலையாக விரியத் தொடங்கியது 1996இல், மும்பையில். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கிவைத்தவர் ஜெரூ பில்லிமோரியா. தெருக்குழந்தைகளிடம் தன் வீட்டு எண்ணைக் கொடுத்துவைத்திருந்தார். நள்ளிரவில் அழைப்புகள் வரத் தொடங்கியதும், இதை ஒருவர் வீட்டு ஃபோனில் நடத்த முடியாது என்று புரிந்தது. கட்டணமில்லாத நான்கு இலக்க எண் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கையில் காசில்லாத, எழுதிவைக்கக் காகிதமும் இல்லாத ஒரு குழந்தையின் மனதில் அது நிற்கவேண்டும். எந்த ஃபோனிலிருந்தும், பேலன்ஸ் இல்லாவிட்டாலும் போகவேண்டும். அறுபது நிமிடத்துக்குள் குழந்தையிடம் ஆள் போய்ச் சேரவேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு.

அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகளில் கணிசமானவை பேசாத அழைப்புகள். மறுமுனையில் மூச்சு, தெருச் சத்தம், அவ்வளவுதான். கிண்டல் அழைப்புகளும் அப்படியே குவியும். வேறு அலுவலகமாக இருந்தால் தொல்லை என்று துண்டித்திருப்பார்கள். இங்கே அதைச் சோதனை ஓட்டமாக எடுத்துக்கொள்ளப் பழகினார்கள். திட்டுவார்களா, போலீஸைக் கூப்பிடுவார்களா என்று குழந்தை பார்க்கிறது. "பேசணும்னு தோணுறப்போ பேசுப்பா, நாங்க இங்கதான் இருக்கோம்" என்று சொல்லிக் காத்திருந்தால், அடுத்த முறை ஒரு வார்த்தை வரலாம்.

பக்கத்தில் ஆள் இருந்தால் வேறு தந்திரம். 'ஆமா', 'இல்ல' என்று மட்டும் பதில் சொல்லும்படி கேள்விகளை மாற்றுவார்கள். யாராவது வந்தால் "ராங் நம்பர்" என்று வைத்துவிடச் சொல்வார்கள். இதே எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடலாமா என்று கேட்காமல் கூப்பிடக் கூடாது. ஃபோன் வார்டனுடையதாக இருந்தால் அந்த ஒரு மணியோசையே அடி வாங்கித்தரும். அமெரிக்காவில் 2007 முதல் இயங்கும் தேசிய ஆட்கடத்தல் உதவி எண் குறுஞ்செய்தியையும் ஏற்கிறது, மொழிபெயர்ப்பாளர்களை வைத்து ஏராளமான மொழிகளில் பேசுகிறது. அங்கே உதவி எண் ஸ்டிக்கர்களைக் கழிப்பறைகளிலும் ஒட்டுகிறார்கள். கண்காணிக்கப்படும் ஒருவர் கொஞ்சநேரம் தனியாக இருக்கக்கூடிய இடம் வேறு எது? யோசித்தவர் கெட்டிக்காரர்.

மூளை சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். நீண்டகாலம் பயத்தில் இருந்தவர் தன் கதையை வரிசையாகச் சொல்லமாட்டார். கடும் பயத்தில் மூளையின் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொண்டு வாசனை, சத்தம், ஒரு முகம் ஆகியவற்றை ஆழமாகப் பதிக்கிறது; எது முன்னே, எது பின்னே என்று கோக்கும் ஹிப்போகாம்பஸின் வேலை குலைகிறது. அடைத்துவைத்த அறையின் மண்ணெண்ணெய் நாற்றம் நினைவிருக்கும். வந்தது மாசியா பங்குனியா என்று தெரியாது. விவரம் தெரியாதவர் காதில் இது பொய் சொல்வதுபோல் விழும், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலும் இதைத்தான் பிடித்துக்கொள்வார். அதனால் அழைப்பின்போது முழுக்கதையைத் தோண்டுவது தவறு. இப்போது ஆபத்து இருக்கிறதா, எங்கே இருக்கிறீர்கள், கூட எத்தனை பேர் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டு, மீதியைப் பயிற்சி பெற்றவர் நிதானமாக, முடிந்தால் ஒரே தடவையில் பதிவுசெய்ய விட்டுவிடுவது நல்லது.

அழைப்புக்குப் பிறகு சங்கிலி கைமாறுகிறது. மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தவேண்டும். உடனே வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. விற்றது மாமாவாகவே இருக்கலாம். பெரியவர்கள் என்றால் கோட்டாட்சியர் விசாரிக்கிறார். சூளை வாசலில், முதலாளி முறைத்துக்கொண்டு நிற்கும்போது விசாரித்தால் எல்லோரும் "நல்லா இருக்கோம்" என்பார்கள். அலுவலகத்துக்கு அழைத்துப்போய்த் தனித்தனியாகக் கேட்கவேண்டும். அவர் தரும் விடுதலைச் சான்று ஒற்றைத் தாள்தான். ஆனால் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி அந்தக் கடன் சட்டப்படி செத்துவிடுகிறது, மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தின் கதவும் திறக்கிறது: ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம் ரூபாய். முழுத்தொகையை வழக்கின் முடிவோடு முடிச்சுப்போட்டது இத்திட்டத்தின் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. வழக்கு இழுக்கும் வருடங்களில் வயிறு காத்திருக்காது.

ஓர் எச்சரிக்கை. உதவி எண்ணின் புள்ளிவிவரத்தை வைத்து ஒரு மாவட்டத்தில் கடத்தல் கூடியதா குறைந்ததா என்று தீர்ப்பு எழுதக் கூடாது. நோட்டீஸ் ஒட்டிய ஊரில் அழைப்பு கூடும். ஃபோனே கைக்குக் கிடைக்காத ஊரில் பூஜ்யம்தான் காட்டும். ஆனால் வேறு வகையில் அந்தத் தரவு பயன்படும். ஒரே புரோக்கர் எண், ஒரே கிராமம், மழை ஓய்ந்து சூளை தொடங்கும் பருவம் என்று தனித்தனி அழைப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும்போது வலைப்பின்னல் கண்ணில் படும்.

2023 முதல் 1098 மாநில அரசுகளின் கைக்கு மாறி, 112 அவசர எண்ணோடும் இணைக்கப்பட்டது. போலீஸ் சீக்கிரம் வரும் என்பது லாபம். போலீஸ் என்றாலே மிரளும் குழந்தை கூப்பிடுமா என்ற கவலை குழந்தை உரிமை ஆர்வலர்களுக்கு. இரண்டிலும் நியாயம் உண்டு. பெரியவர்களுக்கு 112, பெண்களுக்கு 181, இலவச சட்ட உதவிக்கு 15100.

அடுத்த பருவம் தொடங்குமுன் புரோக்கர் திரும்பவும் முன்பணத்தோடு வருவார், சான்று வாங்கியவர் வீட்டுக்கும். அதனால் மீட்பு முடிந்து சில மாதம் கழித்து எடுக்கும் தொடர் அழைப்பில் கேட்கவேண்டியவை: வங்கிக் கணக்கில் பணம் ஏறியதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, வேலைக்குக் கூப்பிட யாராவது வந்தார்களா.